கதவில் ஒட்டிய பெயர்

எழுத்தாளன் என்று என்னை நாலு பேர் சொல்வதற்குப் பல வருஷம் முன்பே என் எழுத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மலாக்காவில் மெர்லிமாவுக்கும் செர்காமுக்கும் நடுவே இருந்த தோட்டங்களில் எந்தத் துரை வந்தாலும் போனாலும் அவருக்கு வாசித்துக் கொடுக்கும் உபசாரப் பத்திரம் என் கையால் எழுதியதுதான். மஞ்சள் பட்டில் அச்சடித்து, ஓரத்தில் ஜரிகை தைத்து, சட்டம் போட்டுக் கொடுப்போம். வாங்கிக்கொள்கிற துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. கேட்டுக்கொண்டு நிற்கிற ஜனங்களுக்கு என் தமிழ் புரியாது. ஆகவே யாரும் ஒரு குறையும் சொன்னதில்லை. அப்படிப்பட்ட வாசகர்கள் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

பத்திரத்துக்கு ஓர் அச்சு வைத்திருந்தேன். முதலில் துரையைச் சூரிய சந்திரருக்கு ஒப்பிடுவது. நடுவில் அவருடைய வரலாறு, அதாவது எங்கே படித்தார், எந்தெந்தப் பதவியை அலங்கரித்தார் என்பது. கடைசியில் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது என்ற விண்ணப்பம். தலையும் வாலும் மாறுவதில்லை. சூரியனும் அப்படியே இருந்தது, கூரையும் அப்படியே ஒழுகியது. நடுப் பத்திக்கு மட்டும்தான் நான் உழைக்க வேண்டியிருக்கும்.

கித்தா, அதாவது ரப்பர், விலை விழுந்து கிடந்த வருஷங்கள் அவை. தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் குறைத்து ஊருக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது சின்னக் கிராணி, அதாவது தோட்ட ஆபீசில் இளைய குமாஸ்தா. விடியற்காலையில் கொட்டகை முன்னால் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற ஆஜருக்குத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். செக்ரோல் என்கிற பெயர்ப் பதிவேட்டைப் பார்த்துக் கூப்பிடுகிறவன் நான். காய்ச்சலில் சுருண்டு கிடப்பவனுக்காகப் பக்கத்தில் நிற்பவன் குரலை மாற்றி "இருக்கேன்" என்பான். அடிக்கடி பெரட்டுக்கு வராதவன் அடுத்த கப்பலுக்குப் போவான் என்ற பயம். அந்தக் குரல்கள் எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன். உத்தியோகத்தில் நான் காட்டிய ஒரே கருணை இது. அதிலும் பாதி, அந்தப் பனியில் எவன் போய்த் தேடுவது என்ற சோம்பல்தான்.

பழைய துரை சீமைக்குப் போய், புதியவர் வருவதாகப் பேச்சு வந்தது. எங்கள் பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடிதான் சொல்வார். வருகிறவர் லேசுப்பட்டவர் அல்ல, சண்டைக் காலத்தில் மெசபடோமியாவில் ஒரு பிரதேசத்துக்கே கவர்னராக இருந்தவர், ராணுவச் சட்டம் போட்டு ஆண்டவர் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுவதும் சந்தேகம் பரவிவிட்டது.

கவர்னர் என்றால் எங்களுக்குச் சிங்கப்பூரில் இருக்கிறவர். தொப்பியில் இறகு வைத்திருப்பார். அவர் மலாக்காவுக்கு வந்தால் பீரங்கி வெடிக்கும் என்று கேள்வி. அப்படி இருந்த ஒருவர் கித்தாத் தோட்டத்தில் பால் நிறுப்பதை மேற்பார்வை பார்க்க வருவாரா? மெர்லிமாவ் கடைத்தெருவில் சாயாக்கடை வைத்திருந்த நானா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். மூன்று தலைமுறையாக மலாக்காவில் வியாபாரம். கடைக்கு வருகிற எல்லாச் செய்தியையும் சாயாவை ஆற்றுகிற மாதிரி இரண்டு மூன்று தடவை தூக்கி ஊற்றிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார்.

"கவர்னர் வேலைய எவனாச்சும் விட்டுட்டு வருவானா லா?" என்றார். "ஒண்ணு, இவன் கவர்னரே இல்ல. இல்லாட்டி வெரட்டி விட்டிருக்கானுவ. ரெண்டுல எதுன்னு நீதான் தம்பி பாத்துச் சொல்லணும். அவன் சரித்திரத்த எழுதப் போறவன் நீதானே."

துப்பறிகிறவன் என்ற நினைப்பு எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது.

துரை வந்தார். ஒல்லியான, நரைத்த மனிதர். எந்த அறையிலும் சுவருக்கு முதுகைக் கொடுத்து, வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். கூலியாட்களிடம் பழக்கதோஷத்தில் இந்துஸ்தானியில் ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொள்வார். தமிழ் நாலைந்து வார்த்தை. முதல் வாரமே கொட்டகைச் சுவரில் ஒன்றாம் எண் பிரகடனம் ஏறியது. எட்டு மணிக்கு லயங்களில், அதாவது கூலிகளின் வரிசை வீடுகளில், விளக்கை அணைத்துவிட வேண்டும். இரண்டாம் எண், மெர்லிமாவுக்குப் போகிறவர்கள் ஆபீசில் சீட்டு வாங்கிக்கொண்டு போக வேண்டும். இவர் கவர்னராக இருந்தது உண்மையோ பொய்யோ, அதை விட்டுவிட்டு வரவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

மூன்றாம் எண்தான் விசேஷம். லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் ஒரு காகிதம் ஒட்ட வேண்டும். உள்ளே குடியிருப்பவர் பெயர், தகப்பன் பெயர், சொந்த ஊர், தமிழிலும் இங்கிலீஷிலும். பிடித்த ஊர்களில் ராணுவம் அப்படித்தான் செய்யுமாம், பெரிய கிராணி சொன்னார். எழுதுவதும் ஒட்டுவதும் என் வேலை. அதற்கு முன் பிரகடனத்தைத் தமிழாக்கிப் பெரட்டில் வாசிக்க வேண்டும்.

துரையின் இங்கிலீஷில் கடைசி வரி, தவறான தகவல் தருகிறவர் மீது தக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று இருந்தது. எனக்கு அது சப்பென்று இருந்தது. ஒரு கவர்னர் பேசுகிற பேச்சா அது? நான் இப்படி எழுதினேன்: "பொய்ப் பெயர் புகல்வோர் எவராயினும் ராணுவச் சட்டப்படி தூக்கு முதலாய தண்டனைகளுக்கும் இலக்காவார்கள் என்று இதனால் சகலருக்கும் பிரகடனம் செய்யலாயிற்று." அந்தத் தூக்கு முழுக்க முழுக்க என் சொந்தச் சரக்கு. வாசித்து முடித்தபோது கொட்டகை முன்னால் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. அதுவரை என் எழுத்துக்குக் கிடைக்காத மரியாதை அது. வீட்டுக்குப் போகிறவரை அந்த வரியைத் திரும்பத் திரும்ப எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அதற்குப் பிறகு பசை டப்பாவைத் தூக்கிக்கொண்டு லயத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். துரையைச் சந்தேகப்பட்டவர்கள் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

தோட்டத்தில் ஒரு மண்டோர் இருந்தார், பால் வெட்டுகிறவர்களை மேய்க்கிற வேலை. நாற்பது வயசு இருக்கும். இடது பாதம் கொஞ்சம் திரும்பியிருக்கும். சண்டைக் காலத்தில் கூலிப் பட்டாளத்தில் சேர்ந்து மெசபடோமியாவுக்குப் போனவர் என்பதால் எல்லோரும் அவரைப் பஸ்ராக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பஸ்ராக் கதை சொல்வார். கடல் மாதிரி அகலமான ஆறு, அதன் கரையில் கண்ணுக்கெட்டிய தூரம் பேரீச்ச மரங்கள், வெயிலில் சுருண்டு விழுகிற வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அருமையாகச் சொல்வார். எல்லாம் போன கதை. திரும்பி வந்த கதை ஒன்றுகூட இல்லை. எப்படி அண்ணே திரும்பி வந்தீங்க என்று யாராவது கேட்டால் அணையாத சுருட்டைப் பற்ற வைக்க ஆரம்பிப்பார்.

புதுத் துரை வந்ததும் எல்லோரும் அவரிடம்தான் ஓடினார்கள், உங்கள் கவர்னர் இவர்தானா என்று கேட்டு. அங்கே ஊருக்கு ஒரு கவர்னர் இருந்தான், எவன் மூஞ்சியை நான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து பெரட்டில் கடைசி வரிசைக்குப் போய்விட்டார். தலைப்பாகை புருவம் வரை இறங்கியது. துரை நடந்து வந்தால் இவர் குனிந்து வாளியைச் சரிசெய்வார்; துரை தாண்டிப் போகிறவரை வாளி சரியாகாது.

நான் கவனித்தேன். கவனித்து ஒரு முடிவுக்கும் வந்தேன். பஸ்ராக்காரர் பஸ்ராவுக்கே போனதில்லை. துரை கவர்னராகவே இருந்ததில்லை. ஒருவர் பொய்யை மற்றவர் உடைத்துவிடுவாரோ என்று இரண்டு பேரும் பயந்துகொண்டிருக்கிறார்கள். இந்தக் கண்டுபிடிப்பை நானாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடித் தம்ளரை என் முன்னால் வைத்தார்.

"ரெண்டு பொய்க்காரனக் கண்டுபிடிச்சிட்ட. மூணாவது ஆளும் உண்டு, தம்பி. தூக்குல போடறதா அவன் சொன்னானா, நீ சேத்துக்கிட்டியா?"

சாயா சூடாக இருந்தது. மெதுவாகக் குடித்தேன்.

மார்கழியில் துரை என்னைக் கூப்பிட்டு, உபசாரப் பத்திரத்துக்காக ஒரு தட்டச்சுத் தாளைக் கொடுத்தார். அவருடைய வரலாறு. பள்ளிக்கூடம், பட்டாளம், இந்தியாவில் ஆறு வருஷம். பிறகு மெசபடோமியாவில் ஆற்றோரப் பிரதேசம் ஒன்றின் ராணுவ கவர்னர், ஒன்பது மாதம். அதற்குக் கீழே நாலு வருஷம் ஒன்றுமே இல்லை. அப்புறம் கித்தா. நானா சொன்ன இரண்டாவது யோசனை எனக்குப் பளிச்சென்று புலப்பட்டது. ஒன்பது மாதத்தில் யார் இவரை விரட்டினார்கள்? ஏன்?

தாளைத் திருப்பினேன். துருப்பிடித்த குண்டூசியில் பின்னால் இன்னொரு காகிதம் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பழசு, மடிப்பில் கிழிந்தது. அதில் இங்கிலீஷ் எழுத்தில் நம்மவர்கள் பெயர்கள். பெயர், தகப்பன் பெயர், ஊர். முப்பதுக்கு மேல் இருக்கும். படிக்க ஆரம்பிப்பதற்குள் துரை எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டார். பிடுங்கவில்லை, கோபமும் இல்லை. நனையக்கூடாத பொருளை வாங்குகிற மாதிரி வாங்கி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

கப்பல் போய்க்கொண்டிருக்கிற காலத்தில் ஒரு துரை கையில் பெயர்ப் பட்டியல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம்? நான் யாரிடமும் சொல்லவில்லை. நானாவிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் காலைப் பெரட்டில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அன்றைக்கு ஒருவர்கூட மட்டம் போடவில்லை. பொய்க் குரல் ஒன்றும் கேட்கவில்லை. அந்தத் தோட்டத்தின் சரித்திரத்தில் அது ஒரே நாள்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பஸ்ராக்காரர் என் வீட்டுக்கு வந்தார். அவர் லயத்துக்கு மட்டும்தான் இன்னும் காகிதம் எழுத வேண்டியிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நான் அவரை அண்ணே என்பேன். பெரிய கிராணிக்கு அது பிடிக்காது.

"கிராணி, செக்ரோல்ல இருக்கற பேர என் கதவுக்கு எழுத வேணாம்."

"ஏண்ணே?"

"அது என் தம்பி பேரு. அவன் ஊர்ல இருக்கான். கப்பலேறறப்ப அவன் பேரக் குடுத்துட்டு வந்துட்டேன்." பசை டப்பாவைப் பார்த்தார். "பொய்ப் பேரு சொன்னா தூக்குன்னு நீங்கதானே வாசிச்சீங்க. தை பொறந்தா மகளுக்குக் கல்யாணம். அதுவரைக்குமாச்சும் உசிரோட இருக்கணும்ல."

மகளுக்கு ஆயர் குரோ பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். எனக்குத் தெரியும், பத்திரிகை எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அண்ணே, தூக்கு என்பது துரை சொன்னதல்ல, நான் அழகுக்காகச் சேர்த்தது என்று ஒரு வரி. சொல்லவில்லை. எழுதியதிலேயே சிறந்த வரி அது. அதைப் பொய் என்று என் வாயாலேயே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இப்படிப்பட்ட அற்பத்தனத்தை வேறு யாரிடமாவது பார்த்திருந்தால் ஒரு கட்டுரையே எழுதியிருப்பேன். அவர் சொன்ன உண்மையான பெயரை, தகப்பன் பெயரை, ஊரை இரண்டு பாஷையிலும் எழுதினேன். இங்கிலீஷில் எழுதும்போது எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நம்மவர்கள் பெயர் எல்லாம் ஒரே மாதிரிதானே என்று விட்டுவிட்டேன். போய் ஒட்டினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, துரை லயம் பார்க்க வந்தார். கையில் பிரம்பு. ஒவ்வொரு கதவிலும் பிரம்பு நுனியைக் காகிதத்தில் வைத்து வாசித்துவிட்டு நகருவார். நானும் பெரிய கிராணியும் பின்னால். பஸ்ராக்காரர் வீட்டு வாசலில் அவர் ஒரு பக்கம் கை கட்டி நின்றார். மனைவியும் மகளும் உள்ளே, கதவுக்குப் பின்னால்.

பிரம்பு காகிதத்தில் வைத்தது வைத்தபடி நின்றது. துரை ஒரு தடவை வாசித்தார். உதடு அசைந்தது. திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார், பெயர், தகப்பன் பெயர், ஊர். பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். தோட்டத்தில் அவர் தொப்பி இல்லாமல் நின்றதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. இதை எழுதியது யார் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். குடியிருக்கிறவர் யார் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பஸ்ராக்காரரைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. நாளைக்குப் பால் நிறுத்து முடிந்ததும் இந்த ஆள் ஆபீசுக்கு வர வேண்டும், மொழிபெயர்க்க நீயும் வா என்று சொல்லிவிட்டு மீதி வீடுகளைப் பார்க்காமலே போய்விட்டார்.

பட்டியலில் முதல் பெயர் அகப்பட்டுவிட்டது என்று லயம் முழுவதும் பேச்சு. ஆயர் குரோவுக்குச் செய்தி போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் கழன்றுகொள்வார்கள் என்றும் பேச்சு.

திங்கட்கிழமை ஆபீசுக்கு நடந்து போகிற வழியில்தான் பஸ்ராக்காரர் திரும்பி வந்த கதையைச் சொன்னார். ஆற்றங்கரையில் அவர்களுடைய முகாம் முதலில் மேட்டில் இருந்ததாம். குதிரைகளுக்கு மேடு வேண்டும் என்று கவர்னர் உத்தரவு போட்டு, கூலிகளைப் பள்ளத்துக்கு இறக்கிவிட்டார்கள். முகாமில் வாந்தி பேதி வேறு. ஒரு நாள் சாயங்காலம் இவர் ஓடிப்போனார். ஆஜரில் இவர் பெயரைக் கூப்பிட்டபோது பக்கத்தில் படுக்கிற சிநேகிதன் குரல் கொடுத்துவிட்டான். விடியற்காலையில் ஆறு பெருகி வந்தது. ஆஜரில் பதில் வந்த பெயர்களையும் கரையில் மிஞ்சி நின்ற ஆட்களையும் வைத்து, மீதிப் பேர் எல்லாம் செத்தவர்கள் என்று எழுதினார்கள். குரல் கொடுத்த சிநேகிதனும் போய்விட்டான். இவர் பேரீச்சம்பழம் ஏற்றுகிற தோணியில் ஒளிந்து, பம்பாய்க்கு வந்து, எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தார்.

"போனா, எனக்குக் கருமாதி பண்ணி முடிச்சிட்டாங்க கிராணி. சர்க்கார்லேர்ந்து கடுதாசி வந்துருச்சாம். என் வீட்டுக்காரி நெத்தியில பொட்டு இல்ல. பட்டாளத்த விட்டு ஓடுனவன்னு வெளிய சொல்லவும் முடியல. அதான் கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு, தம்பி பேர்ல கப்பலேறிட்டோம்." அவருடைய திரும்பிய பாதம் மண்ணில் இழுபட்டது. "இந்தத் துரை என்னைய ஊருக்கு அனுப்பினா எங்க போவேன்? அங்க நான் செத்தவன்."

அப்போதுதான் சொன்னேன். தூக்கு என்பது துரை எழுதியதல்ல, நான் எழுதியது என்று. அவர் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப நான் தம்பி பேர்லயே இருந்திருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். நடந்தோம்.

போகிற வழியிலேயே மனசுக்குள் ஒரு திட்டம் போட்டுக்கொண்டேன். இவர் எது சொன்னாலும் நான் இங்கிலீஷில் வேறு சொல்வேன். அதே பெயரில் பத்துப் பேர் உண்டு, இவர் ஆள் வேறு, பஸ்ராவையே பார்த்ததில்லை. என் கற்பனை முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படப் போகிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஆபீசில் துரை சுவருக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் அந்தப் பழைய காகிதம். பள்ளத்து முகாமில் இருந்தவனா என்று கேள், என்றார் என்னிடம். நான் தொண்டையைச் செருமி, நீளமான ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்தேன். அது வினைச்சொல்லை அடைவதற்குள் பஸ்ராக்காரர் இரண்டு குதிகாலையும் சேர்த்து நிமிர்ந்து நின்று துரையிடமே நேராகப் பேசிவிட்டார். இந்துஸ்தானியில். பட்டாளத்தில் கற்றது போலிருக்கிறது. துரையின் முகம் கொஞ்சம் வெளுத்தது. அவரும் இந்துஸ்தானியில் பேச ஆரம்பித்தார்.

எனக்கு அந்தப் பாஷையில் ஒரு சொல் தெரியாது. மொழிபெயர்க்க வந்தவன் சுவரோரம் நின்று இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கழுத்தை இவர் பிடிக்கிறாரா, இவர் கழுத்தை அவர் பிடிக்கிறாரா என்று முகங்களை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு பேர் மேலும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பிறகு துரை காகிதத்தை எடுத்தார். பெயர்களை, அந்த வெள்ளத்தில் போனவர்களின் பெயர்களை, ஒவ்வொன்றாக வாசித்தார். அது மட்டும் எனக்குப் புரிந்தது. தினமும் காலையில் நான் கூப்பிடுகிற அதே ராகம். ஒரு பெயர், ஒரு இடைவெளி; ஒரு பெயர், ஒரு இடைவெளி. பஸ்ராக்காரர் அநேகமாகத் தலையை மட்டும் அசைத்தார். ஒரு பெயருக்குக் கண்ணை மூடிக்கொண்டார். குரல் கொடுத்த சிநேகிதனாக இருக்கும். இரண்டு இடத்தில் மட்டும், சட்டென்று, கொஞ்சம் நீளமாக ஏதோ சொன்னார். துரை நிறுத்தி, திரும்பக் கேட்டார். இவர் திரும்பச் சொன்னார். துரை பேனாவை எடுத்து அந்தப் பெயரை அடித்துக் கோடு போட்டார். முடிந்ததும் நான் எட்டிப் பார்த்தேன், மூன்று கோடு. ஒன்று இவருடைய பெயர் மேல்.

துரை அந்தக் காகிதத்தை மடித்து இழுப்பறையில் வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார், இந்த ஆள் செக்ரோல் பெயரிலேயே இருக்கட்டும், கதவில் உள்ள காகிதத்தை மாற்றிவிடு, இதைப் பற்றி எங்கேயும் எழுத வேண்டியதில்லை.

அன்று மத்தியானமே மாற்றினேன்.

இதனால் துரை மாறிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரகடனங்கள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. எட்டு மணிக்கு விளக்கு அணைந்தது. கப்பலுக்கும் ஆட்கள் போனார்கள். அந்தப் பட்டியல் வேறு, அது கம்பெனி ஆபீசிலிருந்து வந்தது. ஆனால் பொங்கலுக்கு வாசிக்க வேண்டிய உபசாரப் பத்திரத்தை அவர் பார்வைக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தபோது, நடுப் பத்தியில் கவர்னர் வருகிற இடத்தை நீளமாக அடித்துத் திருப்பி அனுப்பினார். பக்கத்தில் 'வேண்டாம்' என்று மட்டும். மெசபடோமியாப் பெருநதி தீரத்தைச் செங்கோல் கோணாது பாலித்த செம்மல் என்று எழுதியிருந்தேன். எனக்கு வருத்தம்தான். பள்ளிக்கூடம், பட்டாளம், கித்தா என்று வாசித்து முடித்தேன். ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் அப்பவே சொல்லல?" என்றார் நானா. "கவர்னரா இருந்திருந்தா பத்திரத்துல போட வேணாம்னு எவனாச்சும் சொல்வானா?"

அவர் கவர்னராக இருந்தவர்தான் என்பது தோட்டத்தில் உறுதியாகத் தெரிந்த இரண்டு பேரில் நானும் ஒருவன். சாயாவைக் குடித்தேன். நானாவின் கடையில் நான் ஒரு செய்தியைச் சொல்லாமல் திரும்பியது அதுதான் முதல் தடவை.

கல்யாணம் தையில் நல்லபடியாக நடந்தது. ஆயர் குரோக்காரர்கள் இரண்டு லாரியில் வந்தார்கள். துரை வரவில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மட்டும் ஒரு பிரகடனம் வந்தது. இன்ன லயத்தில் இன்ன தேதியில் விளக்குகளை விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம் என்று. அதை நான் தமிழாக்கியபோது ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

பந்தி ஓய்ந்த பிற்பகலில் பஸ்ராக்காரர் கடைசிப் பந்திக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலைப்பாகை மேலே ஏறியிருந்தது. அன்றைக்கு என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன். கூலிகளைப் பள்ளத்துக்கு இறக்கினது நான்தான் என்று துரை சொன்னாராம். இவர், தெரியும் என்றாராம். நீ தண்ணீரில் தப்பித்தாயா என்று கேட்டாராம். இல்லை, முதல் நாளே ஓடிப்போனேன், எனக்காக வேறொருத்தன் குரல் கொடுத்தான் என்று சொன்னாராம். அதற்கப்புறம்தான் பட்டியலை எடுத்திருக்கிறார்.

"மூணு கோடு போட்டாரே அண்ணே. மத்த ரெண்டு?"

"சேலத்துக்காரன் ஒருத்தன். நெல்லூர்க்காரன் ஒருத்தன். அவனுங்களும் என் கூடவே ஓடியாந்துட்டானுங்க, அவனுங்களுக்கும் வேற யாரோதான் கொரல் குடுத்தாங்கன்னேன்."

"நெசமா ஓடியாந்தாங்களா?"

அவர் இலையில் ரசத்தை வாங்கிச் சோற்றைப் பிசைந்தார்.

"ஒவ்வொரு பேராப் படிச்சிட்டு என் வாயவே பாத்தாரு கிராணி. எத்தனைக்குத்தான் பேசாம நிக்கறது."

ஓடி வந்தார்களா, இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சொன்னதை முழுக்க நம்பவும் முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் எனக்கு மனசில்லை.

மறுநாள் பெரட்டில் கல்யாண அசதி. பாதி வரிசை காலி. துரை வழக்கத்துக்கு மாறாகச் சீக்கிரமே வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். எனக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. பெயர்களைக் கூப்பிட்டேன். வந்த பாதி, வராத பாதிக்கும் சேர்த்து "இருக்கேன்" என்றது. ஒரே ஆள் மூன்று குரலில் பேசினான், நாலாவது குரலில் தொண்டை கட்டி இருமினான். துரை காலி இடங்களைப் பார்த்தார், என் பேனாவைப் பார்த்தார். கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

அடுத்த பெயரைக் கூப்பிடு என்றார்.